தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்

ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எந்த புராஜெக்ட்டும் கிடைக்காமல் இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து அம்மா போன் செய்து, "வேலையெல்லாம் எப்படிடா போவுது?" என்றார். "பெஞ்சுல இருக்கேம்மா" என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. "இந்த வயசுலயுமா பெஞ்சு மேல ஏத்துறாங்க? அப்படி என்னடா பண்ணித் தொலைச்ச?"

பெஞ்சிலிருந்து இறங்கியதும் ரிசோர்ஸ் ஆனேன். "திங்கக்கிழமைக்குள்ள ரெண்டரை ரிசோர்ஸ் அனுப்புங்க" என்று மேனேஜர் போனில் கேட்பார். ஜல்லி லோடு சொல்வதுபோல் இருக்கும். அந்த அரை ரிசோர்ஸ் நான்தான்: பாதி நாள் இந்த டீமுக்கு, பாதி நாள் அந்த டீமுக்கு. ஆனால் இரண்டு டீமிலும் முழு ஆள் வேலை.

சரி, முடியாது என்று சொல்லலாமே? அந்தச் சொல்லைத்தான் ஏழு மாடிக் கட்டடத்தில் யாரும் உச்சரிப்பதில்லை. "பேண்ட்விட்த் இல்ல" என்பார்கள். "ஆஃப்லைன்ல பேசிக்கலாம்" என்றால் இனி ஜென்மத்துக்கும் அதைப் பேசப்போவதில்லை என்று அர்த்தம்.

'டெட்லைன்' மட்டும் சொன்ன சொல்லுக்கு உண்மையாகப் பிறந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1864-ல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் போர்க்கைதி முகாமில், மதிலுக்குச் சற்று உள்ளே தாழ்வாக ஒரு மரவேலி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுடலாம். அந்த வேலிக்குப் பெயர் டெட்லைன். எங்கள் மேனேஜருக்கு இந்த வரலாறு தெரியாமலே இருக்கட்டும்.

இதையெல்லாம் ஒரு பொங்கல் விடுமுறையில் அப்பாவிடம் புலம்பினேன். தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர். என் மெயில்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது எங்க ஆபீஸ் பாஷைதான்டா. டூ தி நீட்ஃபுல்னா, ஆவன செய்யவும். லுக்கிங் இன்டு இட்னா, பரிசீலனையில் உள்ளது."

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்'னு எழுதுவோம். யாரு எடுப்பா? அது அந்த வாக்கியத்துலயே இருக்காது. நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் மாட்டிக்க ஆள் இல்ல."

மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஸ்டீஃபன் ஈலோப் 2014 ஜூலையில் ஊழியர்களுக்கு அனுப்பிய மடல், சொல்ல வேண்டியதை ஒளிக்கும் இந்த வித்தையின் உச்சம். 'ஹலோ தேர்' என்று குசலம் விசாரிப்பதுபோல் ஆரம்பித்து, நிறுவனத்தின் பாதை, போன்களின் எதிர்காலம் என்று பத்தி பத்தியாக நகர்ந்து, கீழே வெகுதூரம் போன பிறகுதான் 12,500 பேருக்கு வேலை போகப்போகும் சேதி வருகிறது. அப்பாவின் தாலுகா அலுவலகத்தில்கூட, ஓலை எதற்கு வந்திருக்கிறது என்பதை 'பொருள்' என்று போட்டு முதலிலேயே எழுதிவிடுவார்கள்.

போன வாரம் எனக்கும் ஒரு மெயில் வந்தது. நாலு பத்தி. யாருக்கு என்ன வேண்டும் என்பது மூன்று முறை படித்தும் விளங்கவில்லை. கடைசியில் மட்டும் தெளிவாக, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.' அப்பாவின் அனுபவத்தை நினைத்துக்கொண்டு, மேலே 'தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்' என்பதை இங்கிலீஷில் ஒரு வரி அடித்து, பக்கத்து டீமுக்குத் தள்ளிவிட்டேன். அவர்கள் நன்றி சொல்லி, அதற்கு அடுத்த டீமுக்குத் தள்ளியிருக்கிறார்கள்.