தலைமாட்டு விளக்கும் தாம்பத்தியமும்

தூக்கம் வருகிறவரை ஏதாவது படித்தாக வேண்டும் என்பது சிலருக்கு வழக்கம். விளக்கை அணைத்தால்தான் தூக்கம் வரும் என்பது வேறு சிலருக்கு வழக்கம். இந்த இரண்டு ரகத்தாரையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு வைப்பது பிரம்மதேவனுக்கு வழக்கம்!

வீடாக இருந்தால் பாதகமில்லை. ஒருவர் கூடத்துக்குப் போய்விடலாம். வீடே நாலு சக்கரத்தின் மேல் இருந்தால் எங்கே போவது?

ஸ்காட்லாந்தில் எனக்குத் தெரிந்த வயோதிகத் தம்பதி ஒருவர் இருக்கிறார்கள். இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களிடம் ஒரு 'காம்பர் வான்' உண்டு. மோட்டார் வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் அடங்கிய குட்டிக் குடித்தனம் அது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் படிப்பதற்கு ஒரு சிறு விளக்கு.

ஒரு டிசம்பர் மாதம் கிளென்கோ பள்ளத்தாக்கில் போய் வண்டியை நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்தில் டிசம்பரில் பகல் 7 மணி நேரம்கூட இராது. நாலு மணிக்கே விளக்கு வைத்தாக வேண்டும். அம்மாள் நாவலை எடுத்துக் கொண்டாள். ஐயாவும் வேறு வழியின்றிப் பத்திரிகையைப் பிரித்தார்.

இரண்டாவது நாள் நடுநிசியில் திடீரென்று வண்டிக்குள் குளிர் புகுந்தது. கணப்பு நின்றுவிட்டது! அது காஸில் எரிவதுதான். ஆனால் சூடான காற்றைத் தள்ளும் விசிறிக்குப் பாட்டரி வேண்டுமே? பாட்டரி உயிரை விட்டிருந்தது. வெளியே நீர் உறையும் குளிர். கணவருக்கோ ஆஸ்துமாத் தொந்தரவு. நல்ல வேளையாக, இஞ்சினைக் கிளப்பும் பாட்டரி வேறு, வீட்டுப் பாட்டரி வேறு. இஞ்சினை ஓட்டிப் பொழுது விடியுமட்டும் சமாளித்தார்கள்.

"உன் நாவல் பண்ணின வேலை!" என்றார் கணவர்.

அம்மாள் பதில் பேசவில்லை. கணக்கு வாத்தியாரம்மாள் அல்லவா? பென்சிலை எடுத்தாள்.

விளக்குகளில் இருந்தவை 10 வாட் ஹாலஜன் பல்புகள். இரண்டுக்கும் 20 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறக்குறைய 1.7 ஆம்பியர் இழுக்கும். இரவுக்கு 7 மணி நேரம் எரிந்தால் 12 ஆம்பியர்-மணி. இரண்டு இரவுக்கு 24. கணப்பின் விசிறி 12 மணி நேரம் ஓடினால் இரவுக்கு 18; இரண்டு இரவுக்கு 36. மொத்தம் 60. பாட்டரியின் கொள்ளளவோ 75. ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரியில் பாதிக்குமேல் செலவழிக்கக் கூடாது என்பார்கள். பாட்டரி பழசாகி, குளிரும் சேர்ந்துகொண்டால் கேட்பானேன்?

பெரிய செலவாளி கணப்புதான். ஆனால் அதைக் குறைக்க முடியாது. விளக்கைக் குறைக்கலாமே!

ஹாலஜன் பல்பில் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்து ஒளி தருகிறது. மின்சாரத்தில் பெரும் பகுதி வெறும் உஷ்ணமாகப் போய்விடும். எல்.இ.டி. விளக்கிலோ இழையே கிடையாது. 1962-ல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். பிரகாசமான நீல ஒளிக்கு 1990-கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின்மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை வெளிச்சம்! அதே அளவு வெளிச்சத்துக்கு 1.5 வாட்டே போதும். இரண்டு விளக்குக்கு இரண்டு இரவிலும் ஆகும் செலவு 24 அல்ல, 3.5 ஆம்பியர்-மணிதான்.

பல்பை மாற்றுவது எளிது. ஆனால் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, 'பியூஸை'க் கழற்றிவிட்டு, பழைய பல்பு நன்றாக ஆறும்வரை பொறுங்கள். கையைச் சுட்டுவிடும்.

இரண்டாவது, விளக்குக் குடையின் உட்புறத்தை அளந்து பாருங்கள். காலிரண்டும் ஒரே மாதிரி இருந்தாலும், கால்கள் பக்கவாட்டில் உள்ள பல்பு உண்டு, முதுகில் உள்ள பல்பும் உண்டு.

மூன்றாவது, 12 வோல்ட் என்று பெயரே ஒழிய, பாட்டரிக்கு மின்சாரம் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகும். '10 முதல் 30 வோல்ட்' என்று குறித்த பல்புதான் தாங்கும்.

நான்காவது, மாட்டியும் எரியாவிட்டால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். திருப்பி மாட்டுங்கள். சில எல்.இ.டி.க்களுக்கு நேர், எதிர் பேதம் உண்டு.

ஐந்தாவது, படிப்பதற்கு இதமான மஞ்சள் வெளிச்சம் வேண்டுமானால் 2700 கெல்வின் என்று கேளுங்கள். 6000 என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை. மட்டமான சரக்கு ரேடியோவிலும் கரகரப்பை உண்டாக்கும்.

அம்மாள் கணக்கை இப்படி முடித்தாள்: இரண்டு இரவுக்கும் சேர்த்து 40 ஆம்பியர்-மணிதான். இருந்தாலும் அது பாதிக்குச் சற்று மேலே. ஆகவே இரண்டாம் நாள் பகலில் கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டியே தீரவேண்டும். கணவர் அதை ஒப்புக்கொண்டார். மறு குளிர்காலம் அதே பள்ளத்தாக்கில் கணப்பு நிற்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு வருத்தம். "பாட்டரி தீர்ந்துவிடும், விளக்கை அணை!" என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தாரே, அந்தச் சாக்கு போய்விட்டது. அம்மாள் இப்போது நடுநிசி தாண்டியும் படிக்கிறாளாம்!