பாதி வரப்பில் அணைந்துபோகும் ஜி.பி.எஸ். கருவி... பழுது கருவியிலா, செல்லிலா?

காலை 7 மணிக்கு வடகிழக்கு மூலையில் ஆரம்பித்து, முள்ளையும் வாய்க்காலையும் தாண்டி வரப்பைச் சுற்றி நடந்தாகிவிட்டது. கடைசி மூலைக்கு இன்னும் 30 அடிதான் பாக்கி. அந்த நேரத்தில் கையிலிருக்கும் ஜி.பி.எஸ். கருவி அணைந்துவிடுகிறது. சேமிக்காத அளவு போனது போனதுதான். மறுபடி முதல் மூலையிலிருந்து நடக்க வேண்டும். ‘ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேனே’ என்று புலம்பிவிட்டு, கருவியைப் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆனால், பெரும்பாலும் பழுது கருவியில் இருப்பதில்லை. உள்ளே போட்ட இரண்டு பென்சில் செல்களில் ஒன்றில்தான் இருக்கிறது.

இயற்கை விவசாயச் சான்றிதழுக்காக வயல்களின் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் உழவர் குழுக்கள், நீர்ப்பிடிப்புப் பணிகள், மலைக் கிராமங்களில் தோட்டம் அளப்பது என்று கையடக்க ஜி.பி.எஸ். கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறது. செல்போன் டவர் இல்லாத இடத்திலும் இது இயங்கும். வெயிலில் திரை தெளிவாகத் தெரியும். செல் தீர்ந்தால் வயலில் நின்றபடியே மாற்றிக்கொள்ளலாம். கார்மின் ஈ-ட்ரெக்ஸ் 10 போன்ற கருவிகள் 2 பென்சில் செல்களில் (ஏஏ அளவு) சுமார் 25 மணி நேரம் ஓடும் என்கிறது தயாரிப்பு நிறுவனம்.

கணக்குப் போட்டால்...

ஒரு குழு ஆண்டுக்கு 100 நாள், தினமும் 8 மணி நேரம் கருவியைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 800 மணி நேரம். ஒரு ஜோடி 25 மணி நேரம் ஓடினாலும், தூக்கிப்போடும் ஆல்கலைன் செல்கள் 64 வேண்டும். அதுவே, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் என்றால் 2 ஜோடி போதும். ஒன்று கருவியில், ஒன்று பையில். ஒழுங்காகப் பராமரித்தால் ஒரே ஜோடியை நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். அந்தப் பராமரிப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

செல்லும் ஜோடி மாடுதான்!

நுகத்தில் ஒரு பக்கம் திடமான காளை, மறுபக்கம் கிழட்டு மாடு பூட்டினால் ஏர் எப்படிப் போகும்? செல்களும் அப்படித்தான். கருவிக்குள் இரண்டு செல்களும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. ஒன்று பலவீனமாக இருந்தால் அது முதலில் தீரும். தீர்ந்த பிறகும் பலமான செல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், பலவீனமான செல்லுக்குள் துருவம் தலைகீழாக மாறி, அது நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

எனவே, ஒரே நாளில் வாங்கிய, ஒரே நிறுவனத்தின், ஒரே கொள்ளளவு கொண்ட இரண்டு செல்களை ஜோடியாக்கி, ‘1’, ‘2’ என்று மார்க்கர் பேனாவால் எண் எழுதி வைக்க வேண்டும். அந்த ஜோடியைப் பிரிக்காமல் ஒன்றாகவே பயன்படுத்தி, ஒன்றாகவே சார்ஜ் செய்ய வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்கு ஒன்றை எடுத்துப் போட்டால் ஜோடி கெட்டுவிடும்.

சார்ஜரில் கவனம்

மலிவான சார்ஜர்கள் பலவற்றில் இரண்டு செல்லுக்கும் சேர்த்து ஒரே விளக்குதான் இருக்கும். எந்தச் செல் நிறைந்தது, எது நிறையவில்லை என்று அதற்குத் தெரியாது. ஒன்று அளவுக்கு மீறிச் சூடாகும். மற்றது அரைகுறையாக நிற்கும். ஒவ்வொரு செல்லுக்கும் தனி விளக்கு உள்ள, நிறைந்ததும் தானாக நிறுத்திக்கொள்ளும் சார்ஜர்தான் நல்லது.

பழைய சார்ஜர்தான் இருக்கிறது என்றால், அதன் பின்புறம் அச்சிட்டுள்ள மில்லி ஆம்பியர் அளவைப் பார்க்க வேண்டும். 2,000 மில்லி ஆம்பியர்-மணி செல்லை 200 மில்லி ஆம்பியர் சார்ஜரில் போட்டால் நிறைய 14 முதல் 16 மணி நேரம் ஆகும். 6 மணி நேரத்தில் எடுத்தால் பாதிகூட நிறைந்திருக்காது. இரண்டு நாள் அப்படியே விட்டால் செல் வெந்துவிடும். தகரக் கூரைக்கு அடியில், உச்சி வெயில் நேரத்தில் சார்ஜ் போடாமல், இரவில் காற்றோட்டமான இடத்தில் போடுவது உத்தமம்.

கருவிக்கும் சொல்ல வேண்டும்

ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். கருவியின் அமைப்புப் பகுதியில் ‘பேட்டரி வகை’ என்று இருக்கும். அதில் எந்த வகைச் செல் போட்டிருக்கிறோம் என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால், முழுதாகச் சார்ஜ் ஆன செல்லையும் பாதி தீர்ந்ததாகத் திரை காட்டும். சரியாக வைத்தாலும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ரீசார்ஜ் செல் கடைசி வரை ஒரே சீராக ஓடி, தீரும்போது சட்டென்று தீரும். எச்சரிக்கை வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

கெட்ட செல்லைக் கண்டுபிடிக்க...

கருவி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அணைந்தால், இரண்டு செல்களையும் வெளியே எடுத்து, எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் மல்ட்டிமீட்டரில் தனித்தனியாகப் பார்க்கலாம். ஒன்று 1.2 வோல்ட்டும் மற்றது 1 வோல்ட்டுக்குக் கீழும் காட்டினால், குறைவாகக் காட்டுவதுதான் நோயாளி. அதை ஒதுக்கிவிட்டு, புது ஜோடி வாங்க வேண்டும்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*கருவியில் யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் செல் சார்ஜ் ஆகுமா?*

பென்சில் செல் போடும் பல கருவிகளில் ஆகாது. கேபிள் வழியாகக் கருவி இயங்கும். செல் அப்படியே இருக்கும். சில மாடல்களில் அதற்கென்றே விற்கும் பேட்டரி பேக் போட்டால் மட்டும் உள்ளேயே சார்ஜ் ஆகும். கையேட்டைப் பார்ப்பது நல்லது.

*ஆல்கலைன் செல்லைச் சார்ஜ் போடலாமா?*

கூடவே கூடாது. கசியும், வெடிக்கவும் வாய்ப்புண்டு.

*பென்சில் செல் அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல் கிடைக்கிறதே?*

அளவு ஒன்றாக இருந்தாலும் அதைப் போடவே கூடாது. இரண்டு சேர்ந்தால் 7.4 வோல்ட்; கருவி எரிந்துவிடும். 4,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட ரீசார்ஜ் பென்சில் செல்லையும் நம்ப வேண்டாம். இந்த அளவுச் செல்லில் அவ்வளவு கொள்ளளவு வராது.

*அறுவடைக்குப் பிறகு கருவியை மாதக்கணக்கில் எடுப்பதில்லை. என்ன செய்வது?*

செல்களைக் கழற்றி, உலர்ந்த டப்பாவில் தனியாக வைக்க வேண்டும். சாதாரண ரீசார்ஜ் செல் சும்மா இருந்தாலே சில வாரங்களில் சார்ஜை இழக்கும். ‘குறைந்த சுய இழப்பு’ வகைச் செல் மாதங்கள் கழித்தும் பெருமளவு சார்ஜோடு இருக்கும். எப்போதாவது பயன்படுத்துபவர்களுக்கு அதுவே ஏற்றது.

*ஆல்கலைன் செல் கசிந்து, கம்பியில் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது...*

கையுறை போட்டுச் செல்லை அகற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துடைக்கலாம். பிறகு லேசான ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் புதுச் செல் போட வேண்டும்.

தீர்ந்த செல்லைக் குப்பையோடு எரிக்கவோ, கிணற்று மேட்டில் வீசவோ கூடாது. பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்களுக்குக் கொடுத்திருக்கின்றன. சேர்த்து வைத்து, சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடலாம்.

அளக்கப் போகும் முந்தைய இரவு ஒரு ஜோடியைச் சார்ஜ் போட்டு, மற்றொரு ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டால், கடைசி மூலை வரை நிம்மதியாக நடக்கலாம்.