நோஞ்சான் குஞ்சின் முதல் மூன்று நாள்

அடை வைத்த 21ஆம் நாள் கோழிக்குஞ்சு பொரிகிறது. ஓட்டில் முதல் கீறல் விழுந்ததிலிருந்து முழுதாக வெளியே வர 12 மணி முதல் 24 மணி நேரம் வரை ஆகும். இடையிடையே அசையாமல் கிடப்பது ஓய்வுதான், சாவு அல்ல. அதைப் பொறுக்கமாட்டாமல் ஓட்டைப் பிய்த்துவிடுவது புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு. ஓட்டை ஒட்டிய சவ்வில் அப்போதும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். கிழித்தால் ரத்தம் வடிந்தே குஞ்சு போய்விடும்.

பொரிவதற்குச் சற்று முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் மஞ்சள் கருதான் குஞ்சின் கட்டுச்சோறு. அது ஏறத்தாழ 72 மணி நேரம் தாங்கும். நாமக்கல் பக்கத்துப் பொரிப்பகத்திலிருந்து அட்டைப்பெட்டியில் ஏற்றிய குஞ்சு கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடம் வந்து இறங்கும்வரை தீனியில்லாமல் உயிரோடிருப்பது இதனால்தான். எனவே முதல் நாள் தீனி கொத்தவில்லையே என்று பதற வேண்டியதில்லை. பதற வேண்டியது குளிருக்கு.

முதல் வாரத்தில் குஞ்சு தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. தாய்க்கோழியின் இறகுக்குள் கிடைக்கும் வெப்பம், அதாவது சுமார் 35 டிகிரி செல்சியஸ், வெளியிலிருந்து வர வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். அட்டைப்பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் 60 வாட் குண்டு பல்பு தொங்கினால் போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. மறு மூலை சூடில்லாமல் இருந்தால்தான் குஞ்சு வேண்டியபோது விலகிக்கொள்ள முடியும். ஓயாமல் கத்தினால் குளிர்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போகும் இரவுகளுக்கு, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்றைப் பெட்டிக்குள் வைக்கலாம். வீட்டில் வேறு அடைக்கோழி இருந்தால் இருட்டிய பின் அதன் அடியில் நழுவவிட்டுப் பார்ப்பதும் உண்டு. விடிந்ததும் கொத்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு காய்ந்து சூடேறிய பின்தான் தண்ணீர். 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் 2 தேக்கரண்டி சர்க்கரை கரைத்து முதல் நாள் மட்டும் தரலாம். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டை அலகின் ஓரத்தில் வைத்தால், குஞ்சு தலையைத் தூக்கித் தானே விழுங்கும். ஊசிக்குழலால் வாய்க்குள் பீய்ச்சினால் நாக்குக்குப் பின்னாலுள்ள மூச்சுத் துளைக்குள் நீர் இறங்கிவிடும். நோஞ்சான் குஞ்சு பாட்டில் மூடியளவு தண்ணீரிலும் மூழ்கும். மூடியில் கூழாங்கற்களைப் போட்டு வைப்பது நல்லது.

பெட்டியில் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்றுவிடும். சாக்கோ சொரசொரப்பான துணியோ விரிக்கலாம். கால் அகன்றுவிட்டால், பிளாஸ்திரியை மெல்லிய பட்டையாக வெட்டி, இரு கால்களையும் நிற்கும் அகலத்துக்குப் பிணைத்து மூன்று நாலு நாள் விட வேண்டும். பொரிந்த ஓரிரு நாளுக்குள் செய்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

எச்சம் வாலடியில் காய்ந்து ஒட்டினால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். வாலடிக்கு முன்னால் அடிவயிற்றில் கருப்பாக ஒட்டியிருப்பது எச்சம் அல்ல, தொப்புள். அதைப் பிடித்து இழுத்தால் குடல் வெளியே வந்துவிடும். தொப்புள் ஈரமாக, வயிறு உப்பி, நாற்றமடித்தால் உள்ளே சீழ் பிடித்துவிட்டது என்று பொருள். அந்தக் குஞ்சு பிழைப்பது அரிது. மற்றவற்றிலிருந்து உடனே பிரிக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் கட்டாயம். நலமாகத் தெரியும் குஞ்சுகூடச் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம், குழந்தைகள் அதைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சுவது ஆபத்து.

கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் பொடி பலவீனத்துக்கு மருந்தாகாது. அவற்றில் ஒன்றான கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்கெனத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. ஆலோசனைக்கு அரசுக் கால்நடை மருந்தகமும் 1962 என்ற கட்டணமில்லா எண்ணும் உள்ளன. வளர்ப்பு முறை கற்க விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், கடலூரிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தையும் அணுகலாம். தேறிய குஞ்சுக்கு முதல் வார முடிவில் வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்து தேவை.

தெருவில் விற்க வரும் சாயம் பூசிய குஞ்சுகள் தனிக் கதை. அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தில் கழித்துவிடப்படும் சேவல் குஞ்சுகள். நாட்டுக்கோழி என்று நம்பி வளர்த்தால் முட்டையும் வராது, எடையும் ஏறாது. குஞ்சுகளை வதைபடும்படி அடைத்துக் கொண்டுபோவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான்.

பொரிப்பகமோ கடையோ இனத்தை மாற்றிக் கொடுத்தாலும், நோயுற்ற குஞ்சுகளைத் தள்ளிவிட்டாலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்கலாம். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்கென்றே வளர்ப்பவருக்கு விலக்கு உண்டு. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் பெண்ணாடத்துக்காரர் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, கெடு 2 ஆண்டு. முன்னதாக 1915 என்ற எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். ரசீது, பெட்டியைத் திறந்தபோதே எடுத்த படம், செத்த குஞ்சுகளைப் பார்த்த கால்நடை மருத்துவரின் சான்று ஆகிய மூன்றும் கையில் இருந்தால் வழக்கு நிற்கும்.