சிக்கிமுக்கிக் குன்றுகளில் சைக்கிள் பிரயாணம்

சைக்கிளில் நெடுந்தூரம் போக விரும்புகிறவனுக்கு மேடு பள்ளமோ வெயிலோ எதிர்க்காற்றோ அவ்வளவு பெரிய சத்துருக்கள் அல்ல. முதுகுக்குப் பின்னால் பேரிரைச்சலோடு வந்து, முழங்கையை உரசாத குறையாகக் கடந்து போகும் லாரிதான் உண்மையான சத்துரு. அதற்கு அஞ்சித் தார்ச்சாலையை விட்டுச் சரளைச் சாலைக்கு ஒதுங்கிய அமெரிக்கர்கள், சென்ற இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பிரயாணத்தை ஒரு தனிக் கலையாகவே வளர்த்து, அதற்கென்று ஒரு தனிச் சைக்கிளையும் உண்டாக்கியிருக்கிறார்கள். அக்கலைக்கு க்ஷேத்திரம் என்று ஓரிடத்தைச் சொல்ல வேண்டுமானால், கான்ஸாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற சிக்கிமுக்கிக் குன்றுகளைத்தான் சொல்ல வேண்டும். 2006-ல் அங்குள்ள எம்போரியா நகரிலிருந்து 34 பேர் கிளம்பி, 200 மைல் தூரத்தைச் சரளைச் சாலைகளிலேயே கடந்துவிடுவதென்று தொடங்கிய பந்தயத்துக்கு இப்போது ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். பந்தயம் இருக்கட்டும். வருஷத்தின் மற்ற நாட்களில், ஒரு வண்டியும் எதிர்ப்படாமல் ஒரு முழுக் காலைப்பொழுதைக் கழிக்கத்தக்க வழியை அந்தக் கரடுமுரடான நாட்டில் எப்படி முன்கூட்டி நிர்ணயிப்பது என்பதே நாம் பார்க்கப் போவது.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பந்தயச் சைக்கிளின் வளைந்த ஹாண்டில்பாரை வைத்துக்கொண்டு, 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயரும், டிஸ்க் பிரேக்கும், செங்குத்தான ஏற்றத்திலும் மூச்சுவிட்டு மிதிக்கக்கூடிய கியர்களும் சேர்த்துச் செய்யப்பட்ட யந்திரம் அது. டயருக்குள் டியூப் கிடையாது. அதற்குப் பதிலாக ரப்பர்ப் பால் கலந்த ஒரு திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். முள்ளோ கல்லோ குத்தினால், வெளியேறும் காற்றோடு அந்தத் திரவமும் ஓட்டைக்கு விரைந்து, அங்கேயே உறைந்து அடைத்துவிடுகிறது. காற்றையும் இறுக அடைப்பதில்லை. ஏறக்குறைய மோட்டார் கார் டயரில் உள்ள அழுத்தத்தோடு நிறுத்திக்கொள்வதால், டயர் துள்ளாமல் சரளையின் மேல் படிந்து உருளுகிறது. ஆனால் ஓட்டையை அடைக்கும் அந்தத் திரவம், டயரின் பக்கச்சுவரில் விழும் கிழிசலுக்கு உதவாது. சிக்கிமுக்கிக் கல் செய்யும் துர்ச்செயலோ பெரும்பாலும் அந்தக் கிழிசல்தான். ஆகவே உள்ளிருந்து முட்டுக் கொடுக்க ஒரு பழைய டயர்த் துண்டும், அவசரத்துக்கு ஒரு டியூபும் பையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகிறவன் நடந்து திரும்பவும் தயாராக இருக்க வேண்டும்.

டயரைக் கிழிக்கும் அதே கல்தான் சாலைகளைக் காலியாக வைத்திருக்கும் உபகாரத்தையும் செய்கிறது. ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரந்திருந்த ஆழமில்லாத கடலின் அடியில் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்குகளாகப் படிந்தன. அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள் கட்டி கட்டியாகவும் பட்டை பட்டையாகவும் சிக்கிமுக்கி உறைந்திருந்தது. யுகயுகமாகப் பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து போக, கரையாத சிக்கிமுக்கி மட்டும் உடைந்து சிதறி மேல்மண்ணெங்கும் தங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய விவசாயிகள், சுற்றியிருந்த சமவெளிகளையெல்லாம் உழுது கோதுமையும் சோளமும் விளைவித்தபோதிலும், இந்தக் குன்றுகளில் கொழுவை இறக்க முடியாமல் மாடு மேய்ச்சலுக்கென்று விட்டுவிட்டார்கள். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்ற நெடும்புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு; அதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தேசியக் காப்பிடமாக 1996-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

உழவு இல்லாத இடத்தில் வீடு இல்லை. வீடு இல்லாத இடத்தில் வண்டிக்கு வேலை இல்லை. வழியைத் தேடுகிறவன் செய்யும் சாதாரணப் பிழை என்னவென்றால், நல்ல சாலை எது என்று கேட்டுக்கொண்டு தேசப்படத்தைப் பார்ப்பதுதான். எந்தச் சாலையை எவரும் உபயோகிக்க முகாந்தரம் இல்லை என்பதே அவன் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு விடை சொல்லக்கூடிய அடையாளம் ஒன்று அமெரிக்கத் தேசப்படங்களில் கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. 1785-ல் இயற்றப்பட்ட நிலச் சட்டத்தை அனுசரித்து, அந்நாட்டின் மத்தியப் பிரதேசங்களை ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று சதுரம் சதுரமாக அளந்து விற்றார்கள். முப்பத்தாறு சதுரங்கள் சேர்ந்தது ஒரு டவுன்ஷிப். சதுரங்களின் ஓரங்களிலேயே சாலைகளும் விழுந்தபடியால், எம்போரியாவுக்குக் கிழக்கே படத்தை விரித்தால் மைலுக்கு ஒரு சாலையாகக் கட்டங்கள் ஒழுங்காக நிற்கும். விரலை மேற்கே நகர்த்திக்கொண்டு போனால், சேஸ் ஜில்லாவுக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே கட்டங்கள் சிதைகின்றன: ஒரு சாலை குன்றடியில் நின்றுபோகிறது, மற்றொன்று ஓடையைத் தாண்ட மனமின்றி அதன் போக்கிலேயே வளைகிறது, ஆறேழு மைல் விஸ்தீரணத்துக்கு ஒரே ஒரு கோடு தன்னந்தனியாக ஓடுகிறது. அந்தத் தனிக்கோடுதான் நமக்கு வேண்டியது. 778 சதுர மைல் பரப்புள்ள அந்த ஜில்லாவில் 2020-ல் இருந்த ஜனத்தொகை ஏறக்குறைய 2,600 என்று அறிந்தால், அந்தக் கோட்டில் எத்தனை வண்டிகள் ஓடும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கட்டம் சிதைந்த இடத்தை அறிந்தபின் 1:24,000 அளவையில் அச்சான அரசாங்க நில அளவைப் படத்தை எடுத்துக்கொண்டு சமஉயரக் கோடுகளைப் படிக்க வேண்டும். காட்டன்வுட் ஆற்றின் பள்ளத்தாக்கில் வண்டல் மண் உண்டு. ஆகவே வயலும் வீடும், தபால் வண்டியும் பள்ளிக்கூட பஸ்ஸும் உண்டு. ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலை சரளையாகவே இருந்தாலும் அதில் தூசி அடங்காது. பள்ளத்தாக்கை விட்டு மேலேறி, குன்றின் முதுகைக் கடந்து, அப்பால் ஒரு ஊருக்கும் போகாமல் இன்னொரு ஓடையில் இறங்கும் சாலைதான் உத்தமமானது. ஏற்றம் அதிகம் என்பது வாஸ்தவம். அந்த ஏற்றமே வேலியாக நின்று நம்மைக் காப்பதால், அதைக் குறையாகச் சொல்வது நன்றி மறந்த செயலாகும். அடுத்தபடியாக, எம்போரியாவிலிருந்து தென்மேற்கே ஓடும் கான்ஸாஸ் டர்ன்பைக் என்னும் பெருஞ்சாலையைச் சிற்றூர்ச் சாலைகள் எங்கெங்கே அடியிலோ மேலோ கடக்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அத்தகைய இடங்கள் சிலவே ஆதலால், வழி முழுவதையும் அவற்றை வைத்தே கோக்க வேண்டியிருக்கும். கம்ப்யூட்டரில் வழி வகுக்கும் சாதனங்கள் இப்போது ஏராளம். மற்றவர்கள் போன தடத்தைக் கொண்டு யோசனை சொல்லும் அவை, எவரும் போகாத நாட்டில் மாட்டுப்பண்ணைக்குள் போகும் சொந்தப் பாதையைக்கூட ராஜபாட்டையாக நம்பிவிடுகின்றன. அங்கே நிலத்தில் பெரும்பகுதி தனியார் சொத்து. பூட்டிய கேட்டுக்கு அப்பால் வழி கிடையாது.

இடத்தைப் போலவே காலத்தையும் பார்க்க வேண்டும். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடியும் வரை, புதுப்புல் தழைப்பதற்காகவும் மரங்கள் மண்டாமல் இருப்பதற்காகவும் பண்ணைக்காரர்கள் புல்வெளிக்குத் தீ வைக்கிறார்கள். அப்போது புகை குன்றுக்குக் குன்று நிற்கும். அதையொட்டி, வெளியூர்களிலிருந்து மேய்ச்சலுக்கு வரும் இளங்காளைகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் வருகின்றன. ஜூலை நடுவில் கொழுத்த காளைகளில் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. டர்ன்பைக்கில் பஸார் என்ற இடத்தில் மாட்டுப்பட்டிக்கென்றே ஒரு வாயில் உண்டு என்றால், இந்தப் போக்குவரத்தின் அளவு விளங்கும். வருஷம் முழுவதும் ஈ காக்கை இல்லாத சாலையும் அந்தச் சில நாட்களில் லாரிச் சாலையாகிவிடும்.

மழை பெய்தால் கணக்கெல்லாம் மாறும். குறைந்த பராமரிப்புச் சாலை என்று ஜில்லா நிர்வாகம் பலகை நட்டுக் கைகழுவிவிட்ட பாதைகள் அங்கே பல உண்டு. வண்டியில்லாத வழி தேடுகிறவனுக்கு உலர்ந்த நாளில் அவற்றைப் போன்ற சுகம் வேறில்லை. சரளை போடாத அதே களிமண் நனைந்தாலோ பிசைந்த மாவாகி டயரில் சுற்றி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்து, இரண்டே சுற்றில் சக்கரத்தை நிறுத்திவிடும். அப்போதும் பலங்கொண்டு மிதித்தால், பின்சக்கரத்தருகே கியர் மாற்றும் கருவி முறுக்கிக்கொண்டு ஒடியும். 2023-ம் வருஷப் பந்தயத்தில் தேர்ந்த வீரர்களே சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தார்கள். மண்ணை வழித்தெறிவதற்காக, பெயின்ட் கலக்கும் தட்டைக் குச்சி ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொள்வது அங்கே அனுபவஸ்தர்களின் வழக்கம்.

தண்ணீரும் காற்றும் மிச்சம். ஊருக்கும் ஊருக்கும் இடையே 30, 40 மைல் கடையே இல்லாமல் போகக்கூடுமாதலால், எந்த ஊரில் எது எந்நேரம் திறந்திருக்கும் என்பதைப் புறப்படுமுன்பே விசாரித்து அறிய வேண்டும். கோடையில் தென்காற்று ஓயாது. தெற்கு நோக்கிப் புறப்பட்டு வடக்கு நோக்கித் திரும்பினால், களைத்த நேரத்தில் காற்று முதுகில் இருக்கும். மாடுகள் தாண்டாமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, இடைவெளி விட்டுப் பதித்திருக்கும் இரும்புக் கம்பிகளை வேகம் குறைத்து நேர்க்குத்தாகவே கடக்க வேண்டும்; சாய்ந்து ஏறினால் சக்கரம் வழுக்கும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாளில் ஓரிரு வண்டி எதிர்ப்படத்தான் செய்யும். பெரும்பாலும் அது வேலி பார்க்க வரும் பண்ணைக்காரருடைய பிக்கப்பாக இருக்கும். கையை உயர்த்தி அவரை நிறுத்தி, ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, மேட்டுக்கு அப்பால் மண் உலர்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எந்தப் படத்திலும் அச்சாகாத அந்த இரண்டு செய்திகளும் அன்றைய தேதிக்கு அவரிடம் இருக்கும்.