எழுவாய் யார்?

அரசாணை ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். தலையில் கோபுரம். அது எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான் என்று இந்தப் பக்கம் அடித்துச் சொல்வோம், மதுரைக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அந்த வழக்கு கிடக்கட்டும். அடியில், செயலாளர் பெயருக்கு மேலே, 'ஆளுநரின் ஆணைப்படி' என்றிருக்கும். தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு இலக்கணச் சிக்கல். ஆணையை முடிவு செய்தது நாம் ஓட்டுப் போட்ட மந்திரிசபை. வாக்கியத்தில் ஆணையிடுபவரோ நாம் ஓட்டே போடாத ஒருவர். இது வெறும் மரியாதை வழக்கா, அதிகாரமா?

வேர் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இருக்கிறது. மாகாண சுயாட்சி என்று சொல்லிக்கொண்டு வந்த சட்டம். மந்திரிசபை உண்டு. ஆனால் அமைதி காப்பது, சிறுபான்மையினர் நலன், அரசு ஊழியர் உரிமை போன்றவற்றை 52ஆம் பிரிவு கவர்னரின் தனிப் பொறுப்பாக ஒதுக்கியது. அவற்றில் மந்திரிகள் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தள்ளிவிடலாம். எது தன் விருப்பத்துக்கு உட்பட்டது என்று சந்தேகம் வந்தால் அதற்கும் அவர் முடிவே இறுதி. அப்படியானால் சுதந்திரமானவரா? அதுவுமில்லை. தன் விருப்பப்படி நடக்கும் இடங்களில் அவர் கவர்னர் ஜெனரலுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது 54ஆம் பிரிவு. அவருக்கும் மேலே லண்டனில் இந்தியா மந்திரி. ஆக கவர்னரின் 'விருப்பம்' என்பது சட்டசபைக்குப் பதில் சொல்லாத, மேலிடத்துக்கு மட்டும் பதில் சொல்கிற விருப்பம். இந்தப் பிரதியின் சூட்சுமமே இதுதான்.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் 159ஐப் பிடித்த காங்கிரஸ், தனி அதிகாரத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று கவர்னர் எர்ஸ்கின் உறுதி தர வேண்டும் என்றது. கிடைக்கவில்லை. பெரும்பான்மையில்லாத கே.வி. ரெட்டி நாயுடு மந்திரிசபை ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒப்பேற்றியது. வைஸ்ராயின் சமாதான அறிக்கைக்குப் பிறகே ராஜாஜி பதவியேற்றார். 1939இல் இந்தியர்களைக் கேட்காமலே இந்தியா யுத்தத்தில் இறக்கப்பட்டபோது அவர் விலகினார். 93ஆம் பிரிவின்படி மாகாணம் கவர்னர் கைக்குப் போய் 1946 வரை அங்கேயே கிடந்தது.

நம்மை உறுத்த வேண்டிய இடம் ஒன்று இதில் உண்டு. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தியை விலக்கியது இந்தக் கவர்னர் ஆட்சிதான். நடராசன், தாளமுத்து உயிர் போன பிறகும் தேர்ந்தெடுத்த மந்திரிசபை செய்யாததை லண்டனின் ஆள் செய்தார். செய்ய வைத்தது போராட்டம் என்பது உண்மை. ஆனால் கவர்னர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியால் பிரயோசனமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே கேள்வி.

1950இல் லண்டன் போய் டெல்லி வந்தது. தனிப் பொறுப்புகள் போயின. ஆனால் எது தன் விருப்பத்துக்கு உட்பட்டது என்பதை ஆளுநரே முடிவு செய்யும் வாசகம் 163ஆம் பிரிவில் ஏறக்குறைய அப்படியே வந்து உட்கார்ந்தது. பழைய 93, 356ஆக மறுபிறவி எடுத்தது.

அடுத்து நடந்ததில் நம்ம ஊருக்கும் பங்குண்டு. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் சென்னை முதல்வர். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். காங்கிரசுக்கு 375இல் 152தான். பிரகாசம் தலைமையில் எதிரணி ஒன்றுசேர்ந்து எங்கள் பக்கமே ஆள் அதிகம் என்றது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். குமாரசாமி ராஜா 1954இல் ஒரிசா ஆளுநரானார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வேண்டாம் என்றவரை டெல்லியால் ஒரிசாவுக்கு அனுப்ப முடிந்தது. ஒரிசா மக்களை யாரும் கேட்கவில்லை.

1935 சட்டத்தில்கூட ஒரு கெடு இருந்தது. மாகாணச் சட்டம் ஒன்றை மன்னர் ரத்து செய்ய நினைத்தால் 12 மாதத்துக்குள் செய்தாக வேண்டும். மசோதாக்களுக்கு ஒப்புதல் தருவது பற்றிய இன்றைய 200, 201 பிரிவுகளில் ஆளுநருக்கோ ஜனாதிபதிக்கோ அப்படி நாள் கணக்கு எதுவும் கிடையாது. தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் சொல்லி, கெடுவும் வைத்தார்கள். நவம்பர் 20இல், ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள், காலவரையின்றிக் கிடப்பில் போடக் கூடாதுதான், ஆனால் நீதிமன்றம் கெடு வைக்க முடியாது என்றார்கள்.

ஆளை மாற்றக் கேட்டுப் பயனில்லை. பிரதியை மாற்றக் கேட்க வேண்டும். கெடு அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், விருப்ப அதிகாரம் அதிலிருந்து நீக்கப்பட வேண்டும். அதுவரை, கோபுரம் யாருடையது என்று மதுரைக்காரரோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டு, தாளின் அடியிலிருக்கும் அந்த இரண்டு சொற்களைக் கவனித்து வாசிப்போம்.