உடலும் மருந்தும் – 17: ஹார்மோன் ஊசி போட்டவர்களின் எலும்பை யார் பார்ப்பது?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களிடம் எலும்பைப் பற்றி விசாரித்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “எலும்பு ஸ்கேன் எடுத்தாச்சு சார், ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

அந்த ஸ்கேன் சொன்னது வேறு விஷயம். புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, தடுக்கி விழுந்தால் தாங்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதற்கு டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிட வேலை. கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஆனாலும் ஊசியை ஆரம்பிக்கும்போது டெக்ஸாவும் எழுதித் தரும் வழக்கம் நம் ஊரில் இன்னும் வேரூன்றவில்லை. எலும்பு மெலிவது பெண்களின் பிரச்சினை என்ற எண்ணம் குடும்பங்களில் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் இருக்கிறது.

சென்ற வாரம், டெஸ்டோஸ்டிரோனைத் தடுத்தால் புராஸ்டேட் புற்று ஏன் சுருங்குகிறது என்று பார்த்தோம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் அதை நிரூபித்தார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். விதைகளை அகற்றியதும், எலும்பு வலியால் துடித்துக்கொண்டிருந்த நோயாளிகள் பலருக்கு வலி தணிந்தது. எலும்பில் பரவிய நோயை அடக்கிய அதே சிகிச்சை, நோய் பரவாத எலும்பையும் மெல்ல மெல்ல அரித்துவிடும் என்பதைக் கவனிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதில் வியப்பில்லை. அன்று நோயாளிகள் அதிக காலம் வாழவில்லை. இன்று ஹார்மோன் சிகிச்சையோடு பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளை நடந்தபடி கழிக்கிறார்களா, படுக்கையில் கழிக்கிறார்களா என்பதில் எலும்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆணின் எலும்பைக் காப்பது டெஸ்டோஸ்டிரோன் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 1994-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 28 வயது ஆண் ஒருவரின் கதை வெளியானது. உயரம் 204 சென்டிமீட்டர். அந்த வயதிலும் வளர்ந்துகொண்டே இருந்தார். டெஸ்டோஸ்டிரோன் அளவில் குறையில்லை, ஆனால் எலும்பு முதியவருடையதைப் போல மெலிந்திருந்தது. மரபணுக் கோளாறால் ஈஸ்ட்ரோஜன் அவர் உடலில் வேலை செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆணின் உடல் தன் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. எலும்பை முக்கியமாகக் காவல் காப்பது அதுதான். ஹார்மோன் ஊசி டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தும்போது இந்த ஈஸ்ட்ரோஜனும் கூடவே வற்றிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நடப்பது இந்த ஆணுக்கும் நடக்கிறது, அதைவிட வேகமாக. வயதான ஆண் சாதாரணமாக ஆண்டுக்கு அரை முதல் ஒரு விழுக்காடு எலும்பு அடர்த்தியை இழப்பார். ஊசி ஆரம்பித்த முதல் ஆண்டில் இந்த இழப்பு பல மடங்காகக் கூடும்.

விளைவு எவ்வளவு பெரியது என்பதை 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புராஸ்டேட் புற்று நோயாளிகளின் பதிவுகளை அதில் அலசினார்கள். நோய் கண்டுபிடித்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்களில், ஹார்மோன் சிகிச்சை பெறாதவர்களுள் 12.6 விழுக்காட்டினருக்கு எலும்பு முறிந்திருந்தது. சிகிச்சை பெற்றவர்களுள் இது 19.4 விழுக்காடு. இடுப்பெலும்பு முறிந்த பின் ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசிக்குச் செலவழிக்க முடியாமல், ஒரே தடவையில் விதை நீக்க அறுவைக்கு ஒப்புக்கொள்பவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். நோயை அடக்குவதில் அது ஊசிக்குக் குறைந்ததல்ல. ஆனால் ஊசியைப் போல அதை இடையில் நிறுத்த முடியாது, எலும்பு இழப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். ஊசிக்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவமனைப் படி ஏறுவார். அறுவை செய்துகொண்டவர் ‘எல்லாம் முடிந்தது’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். என் கவலை இவர்களைப் பற்றித்தான் அதிகம்.

எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தால் மருந்து இருக்கிறது. 2009-ல் வெளியான ஆய்வொன்றில், ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 1,468 ஆண்களில் ஒரு பாதிக்கு டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள். மறுபாதிக்குப் போட்டது மருந்தில்லாத ஊசி. மூன்று ஆண்டு முடிவில், மருந்து பெறாதவர்களில் 3.9 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பு புதிதாக முறிந்திருந்தது, பெற்றவர்களில் 1.5 விழுக்காட்டினருக்கு மட்டுமே. சோலெட்ரோனிக் ஆசிட் என்ற இன்னொரு மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். எலும்பு மெலிவுக்கு அதை ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றினாலே போதும். விலையும் குறைவு.

இந்த மருந்துகள் எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் கற்றுக்கொண்ட விதம் வேதனையானது. எலும்பில் பரவிய புற்றைத் தாக்க ரேடியம்-223 என்ற கதிரியக்க மருந்து உண்டு. அதையும் அபிராடெரோன் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 2017-ல் நடுவிலேயே, யாருக்கு எந்த மருந்து என்ற ரகசியத்தை உடைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கு எலும்பு முறிந்திருந்தது. மாத்திரையை மட்டும் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கு. எலும்பைக் காக்கும் மருந்து அந்த ஆய்வில் பாதிப் பேருக்குக்கூடக் கொடுக்கப்படவில்லை. அதே காலத்தில் ஐரோப்பாவில் ரேடியத்தோடு என்சலுடமைடு மாத்திரையைச் சேர்த்து வேறோர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதன் பொறுப்பாளர்கள் உடனே விழித்துக்கொண்டு, இனிச் சேரும் ஒவ்வொருவருக்கும் எலும்பு மருந்து கட்டாயம் என்று விதியை மாற்றினார்கள். அதற்கு முன்பு, எலும்பு மருந்து இல்லாமல் இரண்டையும் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் முறிவு ஏற்பட்டிருந்தது. எலும்பு மருந்து பெற்றவர்களிடம் அது 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. புற்றுக்கான மருந்துகள் இரண்டும் அப்படியே இருந்தன. எலும்பைக் கவனித்தது மட்டுமே மாறியது. இந்த நோயில் எலும்புப் பாதுகாப்பைக் கூடுதல் வசதி என்று நினைக்கும் எவருக்கும் இதைவிட வலுவான சான்று என்னிடம் இல்லை.

மருந்து தொடங்குவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அரிதாக, இந்த மருந்துகளால் தாடை எலும்பின் ஒரு பகுதி செத்துப்போய் ஆறாத புண்ணாகும். மருந்து ஓடும்போது பல் பிடுங்குவதுதான் பெரும்பாலும் அதைத் தூண்டும். பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கி, புண் ஆறிய பிறகு தொடங்குவது நல்லது. சோலெட்ரோனிக் ஆசிட் ஏற்றுமுன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். டெனோசுமாபில் வேறோர் ஆபத்து உண்டு: ரத்தத்தில் கால்சியம் திடீரென்று குறையலாம், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மிகக் கடுமையாக. வைட்டமின் டி குறைவைச் சரிசெய்யாமல் அந்த ஊசியைப் போடக் கூடாது. போட ஆரம்பித்த பிறகு நாமாக நிறுத்தவும் கூடாது. ஆறு மாதத் தவணை தவறினால் கட்டிவைத்த எலும்பு வேகமாகக் கரையும். முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

புற்று ஏற்கெனவே எலும்புக்குப் பரவிவிட்டவர்களின் நிலை வேறு. புராஸ்டேட் புற்று பரவிய எலும்பு எக்ஸ்ரேயில் வழக்கத்தைவிட வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். செங்கல் வரிசையே இல்லாமல் கலவையை மட்டும் அள்ளி அப்பிய சுவர் போன்றது அது; பருமன் இருக்கும், பலம் இருக்காது. டெக்ஸாவையும் இது ஏமாற்றிவிடும். பரவிய முதுகெலும்பை அளந்தால் அடர்த்தி நன்றாக இருப்பதாகக் காட்டும். அதனால் இடுப்பெலும்பின் அளவையும் பார்க்க வேண்டும். முறிவையும் வலியையும் தள்ளிப்போட இந்தக் கட்டத்திலும் மேற்சொன்ன இரண்டு மருந்துகள்தான் பயன்படுகின்றன, ஆனால் அளவும் இடைவெளியும் வேறு. டெனோசுமாப் என்றால் 120 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து ‘எனக்கு மட்டும் ஏன் குறைவாகப் போடுகிறார்கள்’ என்று குழம்ப வேண்டாம்.

இவர்களின் வீட்டார் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். புதிதாக முதுகுவலி வந்து, படுத்தால் அதிகமாகி, கால்கள் தள்ளாடினாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, அது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். தைலம் தேய்த்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்து, சிகிச்சையைத் தொடங்க வேண்டும். சிகிச்சை ஆரம்பிக்கும்போது நடந்துகொண்டிருந்தவர்களே பிறகும் பெரும்பாலும் நடக்கிறார்கள். கால் செயலிழந்தபின் வந்தவர்களில் பலர் எழுவதில்லை.

சாப்பாட்டில் நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் சேர வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பால், தயிர், எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் உதவும். குறைவதை மட்டும் மாத்திரையால் ஈடுகட்டினால் போதும். ஆனால் உணவும் கால்சியம் மாத்திரையும் மட்டும் இந்த இழப்பை நிறுத்திவிடாது. புகையையும் குடியையும் விட வேண்டும். நடைப்பயிற்சி நல்லது, அதோடு எடை தூக்கித் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். ஊசியால் தசையும் கரைகிறது. தசை வலுவாக இருந்தால் தடுமாறினாலும் விழாமல் சமாளிக்கலாம். நோய் எலும்பில் இருந்தால் எந்த எடையைத் தூக்கலாம் என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். குளியலறையில் கைப்பிடி வையுங்கள். இரவில் எழுந்து போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். புராஸ்டேட் நோயாளி இரவில் பலமுறை எழுவார்.

உங்கள் அப்பாவோ கணவரோ ஹார்மோன் ஊசியில் இருந்தால், அல்லது எப்போதோ அறுவை செய்துகொண்டிருந்தால், அடுத்த முறை பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு போகும்போது மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “டெக்ஸா எப்போது எடுக்கலாம்? வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது?” ஊசி ஆரம்பித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும் கேளுங்கள்.