தறிக்குழியிலிருந்து பொலன்னறுவை வரை

ஆரணி வட்டாரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இரண்டினையும், அவற்றை அடுத்துள்ள வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றினையும் சேர்ந்த அங்கத்தினர் 32 பேர், சென்ற பங்குனித் திங்களில் தஞ்சை, நாகை வழியாகக் கடல் கடந்து, இலங்கையின் பழம்பதிகளைக் கண்டு மீண்டோம். ஆய்வாளர் என்ற முறையில் நாம் செல்லவில்லை. எல்லோரையும்போல் பணம் கட்டிக் குழுவில் ஒருவராகவே சென்றோம். திரும்பிய நாள் முதல் எந்தச் சங்கத்திற்குத் தணிக்கைக்குச் சென்றாலும், பேரேட்டைப் பிரிக்குமுன் இந்தப் பயணத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ஆகவே எழுதிவிடுவது நலம் என்று தோன்றியது.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுவது நம் தொழிலுக்குரிய வழக்கம். சங்க நிதியிலிருந்து ஒரு காசும் இதற்கு எடுக்கப்படவில்லை, எடுக்கவும் கூடாது. அங்கத்தினர் தாமே மாதம் 1,500 ரூபாய் வீதம் 24 மாதங்கள் சேர்த்தனர். தனிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம். பட்டுநூல் விலை ஏறித் தறிகள் ஓய்ந்திருந்த இரண்டு மாதங்களில் ஏழு பேரால் கட்ட முடியவில்லை. அவர்களுக்காக மற்றவர்கள் கட்டினர். பின்னர் அத்தொகை முழுவதும் திரும்பியது.

அந்த எழுவரில் ஒருவர், 63 வயதான முதிய நெசவாளர். நாற்பத்தெட்டு ஆண்டுகளாகக் குழித்தறியில் அமர்ந்தவர். அவருடைய ஒரே மகன் செய்யாற்றுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டான். பயணத்திற்கு முந்திய கூட்டத்தில் அவர் எழுந்து, "ஐயா, கோயில் குளமெல்லாம் பார்ப்போம், சரி. அந்த நாட்டில் தறி இருக்கிறதா? நெய்கிறார்களா?" என்று கேட்டார். பட்டம் பெற்றவர் என்ற பெயருடன் முன்வரிசையில் அமர்ந்திருந்த நமக்கு விடை தெரியவில்லை. பயண ஏற்பாட்டாளர் அச்சிட்டுக் கொடுத்த நிரலை எடுத்துப் பார்த்தோம். காணவேண்டிய இடங்கள் பதினாறு, கடைகள் நான்கு எனக் குறித்திருந்தது. தறி ஒன்றுகூட இல்லை.

தஞ்சையை நம் அன்பர்கள் பலரும் முன்னரே கண்டிருப்பர். 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற அப்பெருங்கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்ப்பவர் பலர். அதன் அடிப்பீடத்தைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. அங்கேதான் கணக்கு இருக்கிறது. இராசராசனும் அவன் தமக்கையும் பிறரும் அளித்த பொன்னும் அணிகலனும் எடை குறித்து எழுதப்பட்டிருக்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் இக்கோயிலுக்கு விடப்பட்டதும் அக்கல்வெட்டுகளில் உண்டு. நாம் செல்லவிருந்த நாடு தஞ்சைச் சுவரிலேயே எழுதப்பட்டிருப்பதைக் கண்டபோது, பயணத்தின் இரு கரைகளையும் ஒரே இழை தைத்திருப்பதாகத் தோன்றியது.

நம் பாட்டனார் காலத்தில் சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கிக் கொழும்பு வரை செல்லலாம். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதால் அது இயன்றது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து சில ஆண்டுகள் ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, விரைவிலேயே நின்று, 2024 ஆகஸ்டு 16-இல் மீண்டும் தொடங்கிய கப்பலிலேயே நாம் சென்றோம். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் நிறுத்தப்படுவதுண்டு, செல்ல விரும்புவோர் முன்னரே விசாரித்துக்கொள்க. குழுவில் பாதிப்பேருக்குக் குமட்டல். ஆற்று மணலைத் தவிர வேறு நீர்ப்பரப்பை அறியாத கமண்டல நாகநதிக்காரர்களிடம் கடல் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயிலையும், 1981-இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் எழுந்த நூல்நிலையத்தையும் கண்டோம். மூளாயில் 1930-களில் மக்கள் கூட்டுறவு முறையில் நிறுவிய மருத்துவமனை இருக்கிறது. அதனைக் காண நாம் மட்டும் ஒரு வாடகை வண்டியில் ஓடிச் சென்று வந்தோம். அதைப் பற்றித் தனியே எழுதவேண்டும், இங்கு விரிக்கவில்லை.

அநுராதபுரத்தில்தான் நிரலுக்கும் எங்களுக்கும் முதன்முதல் பிணக்கு ஏற்பட்டது. வழிகாட்டி நல்லவர், சிங்களவர், தமிழும் நன்கறிந்தவர். ஆயினும் ஒவ்வோரிடத்திலும் இருபது நிமிடம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சங்கமித்தை கொணர்ந்ததாகக் கூறப்படும் போதிமரம், ஒருகாலத்தில் 400 அடி உயரம் நின்ற ஜேதவனச் செங்கல் தூபி ஆகியவற்றை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். அபயகிரி விகாரப் பகுதியில் சிறியதொரு பாறை உண்டு. கல்லூரி நாட்களில் அதைப் பற்றிப் படித்திருந்தோம். அது நிரலில் இல்லை. வற்புறுத்தி வண்டியை நிறுத்தச் செய்தோம்.

அப்பாறையில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், தமிழ் இல்லத்தார்களுடைய மாளிகை என்று பொறித்திருக்கிறது. வணிகம் செய்ய வந்த தமிழருடைய கூடம் அது. கூடம் அழிந்துவிட்டது, பாறை மட்டுமே எஞ்சியது. ஆனால் அதில் யார் யாருக்கு எந்த இருக்கை என்று அவரவர் பெயரும் வெட்டியிருக்கிறது. அவர்களுள் ஒருவர் கப்பல் தலைவர். அறிஞர் பரணவிதான 1940-இல் இதனை விளக்கி எழுதினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அங்கத்தினர் பதிவேடு என்று நாம் சொன்னதும் எல்லோரும் நெருங்கி வந்து பார்த்தனர். "பங்குத் தொகை எவ்வளவென்று எழுதவில்லையா?" என்று ஒரு செயலாளர் கேட்டார்.

அன்றிரவு முதியவர் மீண்டும் தம் வினாவை எழுப்பினார். இம்முறை சிறிது விடை நம்மிடம் இருந்தது. விசயன் இலங்கையில் இறங்கியபோது குவேனி நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்று மகாவம்சம் கூறுகிறது. போதிமரத்துடன் வந்தவர்களிலும் நெசவாளர் இருந்தனர் என்கிறது அதே நூல். சலாகம என்னும் சமூகத்தார், தாம் தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளரின் வழியினர் என்று சொல்லிக்கொள்வது மரபு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் அவர்கள் தறியை விட்டு இலவங்கப்பட்டை உரிக்கும் தொழிலுக்கு உரியவராயினர். இவற்றையெல்லாம் கேட்ட பெரியவர், "தறியை விட்டவர்கள் கதை எனக்குத் தெரியும் ஐயா. விடாதவர் யாராவது உண்டா?" என்றார்.

மறுநாள் பொலன்னறுவைக்குச் செல்லும் வழியில் ஒரு பெரிய கடையில் வண்டி நின்றது. தேநீர் தந்து உபசரித்து, 'தூய பட்டு' என்று சேலைகளை விரித்தனர். பட்டு நெய்பவர்கள் முன் பட்டு விரித்தால் என்னவாகும்? ஓர் இளைஞர் விளிம்பிலிருந்து ஓரிழையை உருவித் தீக்குச்சி காட்டினார். பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகி, கருமணியாய்க் கெட்டிப்பட்டது. கடைக்காரர் முகம் மாறிற்று. எங்கள் முகமும் மலரவில்லை. ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அன்று பிற்பகல் இன்னொரு கடை, மறுநாள் கண்டியில் கற்கடை என்று நிரல் சொல்லிற்று.

வண்டியில் ஏறியதும் கூச்சல் எழுந்தது. வழிகாட்டியைப் பலர் கடிந்துகொண்டனர். அவர் சற்றுநேரம் பொறுத்திருந்து, ஒளிக்காமல் சொன்னார்: "ஐயா, எனக்கு நாட்கூலி குறைவு. நீங்கள் கடைக்கு வந்தால்தான் கடைக்காரர் எனக்கு ஏதாவது தருவார்." இந்த ஒரு சொல்லில் கூச்சல் அடங்கிவிட்டது. மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நின்றவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உடனே வண்டிக்குள்ளேயே கூட்டம் கூடிற்று. மீதிக் கடைகளை விட்டுவிடுவது, அந்நேரத்தைப் பொலன்னறுவைக்கும் ஒரு தறிக்கும் ஒதுக்குவது, வழிகாட்டியின் இழப்பை ஈடுசெய்யத் தலைக்கு 200 ரூபாய் போடுவது என்று தீர்மானம். ஆதரவு 27, எதிர்ப்பு 4, ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். எதிர்த்த நால்வரும் கல் வாங்க ஆசைப்பட்டவர்கள், அது குற்றமன்று. கண்டிக் கடைத்தெருவில் அவர்களே சென்று வாங்கிக்கொண்டனர். 6,400 ரூபாயைப் பெற்ற வழிகாட்டி, அதன்பின் கைக்கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை.

ஆகவே பொலன்னறுவையை ஆர அமரக் கண்டோம். 993-ஆம் ஆண்டளவில் இராசராசன் படை ஈழத்தில் புகுந்தபின், சோழர் அநுராதபுரத்தை விட்டு இவ்வூரைத் தலைநகராக்கிச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். அவர்கள் எழுப்பிய வானவன் மாதேவி ஈச்சரம், நம் நாட்டுக் கருங்கற் கோயிலைப் பெயர்த்து வைத்தாற்போல் இன்றும் நிற்கிறது. சோழரை வென்று 1070-ஆம் ஆண்டளவில் நகரை மீட்ட முதலாம் விசயபாகு, புத்தரின் புனிதப் பல்லுக்கு இங்கே கோயில் கட்டினான். வியப்பு இனிமேல்தான். அவனுக்குப் பின் அப்பல்லைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் வேளைக்காரர் என்னும் படையினர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினர் அடங்கிய தொகுதி அது. அவர்கள் தம் மூதாதைகளான வலஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டிவைத்து, இக்காவலை நாம் காப்போம் என்று உடன்பட்டதைத் தமிழிலேயே கல்லில் வெட்டியிருக்கின்றனர். எதிரி நாட்டவர் எனக் கருதத் தக்கவர்களிடம் அந்நாட்டின் உயிர்ப்பொருள் ஒப்படைக்கப்பட்டது. கூட்டம், உடன்பாடு, கையொப்பம் போன்ற கல்வெட்டு! ஒரு சங்கத் தலைவர் அதனை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க முயன்று, பாதிக்குமேல் படித்தும்விட்டார்.

விவசாயிகளுக்கோ வேறு விருந்து. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பழைய ஏரிகளை இணைத்து அமைத்த பராக்கிரம சமுத்திரத்தின் கரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். முந்திய நாள் பார்த்த கலாவாவிக் கால்வாயோ முதற் பதினேழு மைலுக்கு, மைலுக்கு 6 அங்குலம் வீதமே சரிகிறதாம். மட்டக்கருவி இல்லாமல் எப்படி வெட்டினர் என்று நம்மவர்கள் நெடுநேரம் வாதிட்டனர். பெருவாவிகளின் கரைக்குள் கல்லால் கட்டிய சதுரக் கிணறு ஒன்று இருக்கும்; சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பர். நீர் மதகின் வழியே வேகமாய்ப் பாய்ந்து கரையை அரிக்காதபடி அழுத்தத்தை அடக்கும் அறை அது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு நீர்ப்பாசனப் பொறியாளராயிருந்த ஹென்றி பார்க்கர் இதனை ஆராய்ந்து வியந்தார். நம் ஏரித் தூம்பையும் இதையும் ஒப்பிட்டு நம் விவசாயிகள் பேசியவை, அத்துறை மாணவர்கள் கேட்டிருக்க வேண்டியவை. மண்வெட்டி பிடிப்பவனுக்குத்தான் மண் அரிப்பின் அருமை தெரியும்.

கண்டியில் தலதா மாளிகையை வணங்கியபின், வழிகாட்டி தாமே தொலைபேசியில் விசாரித்து, அருகிலுள்ள ஹேனவல என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். தும்பறைப் பாய் நெய்யும் குடும்பங்கள் சில அங்கு உள்ளன. இக்கைத்தொழில் 2021-இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மருள் இலையை மரத்தின்மேல் வைத்துச் சுரண்டி நாரெடுத்து, கழுவி, உலர்த்தி, சாயமிட்டு நெய்கிறார்கள். சிவப்புக்குப் பதிமுகக் கட்டை, கறுப்புக்குக் கடுக்காய் என்று அவர்கள் சொன்னதும், எங்கள் சாயக்காரர் ஒருவர், "எங்கள் தாத்தா காய்ச்சிய சட்டியும் இதுவே" என்றார்.

தறி நிலத்தோடு நிலமாய்க் கிடந்தது. ஜக்கார்டு பெட்டியும் அட்டையும் கிடையா. பாவிழையை எண்ணி, குச்சியால் தூக்கி, ஊடையைச் செலுத்தி, மரவாளால் அடிக்கிறார்கள். பறவையும் மானும் எழுகின்றன. நெய்துகொண்டிருந்த நடுவயது அம்மையாரிடம் நம் பெரியவர், வழிகாட்டியின் வாயிலாக, "பிள்ளைகள் நெய்கிறார்களா?" என்று கேட்டார். மகன் கண்டியில் வண்டி ஓட்டுவதாக அவர் சொன்னார். "என் மகன் தொழிற்சாலையில்" என்றார் பெரியவர். இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, தாம் ஒரு முறை அமரலாமா என்று பெரியவர் கைச்சாடையால் கேட்டார். அம்மையார் எழுந்து இடம் கொடுத்தார். நான்கு ஊடை போட்டிருப்பார். "கரை இழுத்துவிட்டது" என்று தாமே சொல்லிக்கொண்டார். அம்மையார் சிரித்து, இரண்டு ஊடைகளை உருவி, நாரின் இறுக்கத்தை விரலால் காட்டிக் கொடுத்தார். ஐந்தாவது ஊடை நேராக விழுந்தது.

அந்த இளைஞர், கடையில் நூல் எரித்தவர், பறவைக் கோலத்தைத் தம் கட்டத்தாளில் வரைந்துகொள்ள முயன்றபோது பெரியவர் தடுத்தார். "அது அவர்கள் வீட்டுப் பூ, கேட்டுவிட்டு எடு" என்றார். கேட்டதற்கு அம்மையார், பறவையை விட்டு, ஓரத்தில் ஓடும் கோணல் வரியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஊர் திரும்பிய மறுவாரம் கணக்குப் படிக்கப்பட்டது. மீதி 3,840 ரூபாய். தலைக்கு 120 ரூபாய் திருப்பித் தரப்பட்டது. கோணல் வரிக்கு அட்டை குத்தியாயிற்று; ஒரு சேலைக்குப் பாவும் ஏறியிருக்கிறது. தறி அந்த இளைஞருடையது. பெரியவர் நாள்தோறும் காலையில் வந்து, குழியின் ஓரத்தில் அமர்ந்து, கரை இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்.